கஃபனுக்கு வைத்த அத்தர்

இத்தாவின் பத்தொன்பதாம் நாள், அசர் தொழுகைக்குப் பிறகு அம்மாவின் அறைக்கு டீ கொண்டுபோன சுல்தானா நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். உள்ளே அத்தர் மணந்தது.

கணவனை இழந்தவள் இத்தா என்ற நான்கு மாதமும் பத்து நாளும் வெள்ளைச் சேலையில், நகை இல்லாமல், பூ இல்லாமல், எந்த வாசனையும் இல்லாமல் இருக்க வேண்டும். அம்மா மெகருன்னிசா அதில் துளியும் பிசகாதவள். சோப்புகூட வேண்டாமென்று வெறும் பயத்தமாவு தேய்த்துக் குளித்தாள். அந்த அறையில் துவைத்த துணியின் வாசமும், துறைமுகப் பக்கமிருந்து மாலைக் காற்று கொண்டுவரும் கருவாட்டு வாசமும் மட்டும்தான் இருக்க வேண்டும். இப்போது முதலில் கிராம்பின் காரம் மூக்கைச் சுட்டது. அதன் பின்னால் மிளகு. அதற்கும் பின்னால், வெகு நிதானமாக, ஈரக் கட்டையைப் புதிதாகப் பிளந்ததுபோல அகில் வந்தது. இறந்துபோன அத்தாவின் அத்தர்.

"என்னாம்மா அங்கியே நின்னுட்டே? டீ ஆறிடும்ல" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா."

டம்ளரைப் பாயருகில் வைத்தாள். அந்த அத்தர் அத்தா இறப்பதற்கு முன்பே ஒரு சொட்டு மிச்சமில்லாமல் தீர்ந்துவிட்டது என்பது இந்த வீட்டில் சுல்தானாவுக்கு மட்டும்தான் தெரியும்.

அத்தா முஹம்மது இஸ்மாயில் பினாங்கில் பதினோரு வருஷம் துணிக்கடை வைத்திருந்தவர். கடையை விட்டுக் கடலூருக்குத் திரும்பும்போது கட்டைவிரல் உயரத்தில் ஒரு கருநீலக் கண்ணாடிக் குப்பி வாங்கிவந்தார். "ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் இது ஒண்ணுதான்" என்பார். வெள்ளிக்கிழமை மட்டும் திறப்பார். மூடியோடு சேர்ந்த கண்ணாடிக் குச்சியால் இடது மணிக்கட்டில் ஒரு பொட்டு. தேய்க்கமாட்டார், தேய்த்தால் காரம் செத்துவிடும், கட்டை வாசம் மட்டும்தான் நிற்கும் என்பார். பிறகு காதுகளுக்குப் பின்னால். அதே குச்சியால் அம்மாவின் காதுக்குப் பின்னாலும் ஒரு பொட்டு. குப்பியைப் பீரோவில் வைக்கும்போது ஒவ்வொரு தடவையும் சொல்வார்: "மிச்சம் என் கஃபனுக்கு."

சுல்தானா பி.எஸ்சி. முடித்து, சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி டெமான்ஸ்டிரேட்டராகச் சேர்ந்தாள். நாள் முழுக்க ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை நாற்றம் தலைமுடியில், ரவிக்கையில், நகக்கண்ணில் ஏறிக்கொண்டது. திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு சீட்டுக்கு எழுந்துபோனாள். மறுநாள் காலை சுல்தானா பீரோவைத் திறந்தாள். ஒரே ஒரு பொட்டு. அதற்கு அடுத்த நாளும் ஒரே ஒரு பொட்டு. எட்டு மாதத்தில் அத்தர் அடிக்குப் போய்விட்டது. பயந்துபோய், லேபிலிருந்து லிக்விட் பாரஃபின் கொண்டுவந்து நிரப்பினாள். நிறமில்லை, மணமில்லை, எண்ணெயோடு நன்றாகக் கலக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை அத்தா மணிக்கட்டை நெடுநேரம் முகர்ந்து பார்த்தார்.

"வயசாயிடுச்சு மெகரு. எனக்கு மூக்கு போயிடுச்சு."

கதவுக்கு இந்தப்பக்கம் நின்று சுல்தானா கேட்டாள். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் அத்தா இறந்துபோனார். உடலைச் சுற்றும் கஃபன் துணியில் குப்பியை முழுவதுமாகக் கவிழ்த்தவர்கள் வெளியே வந்து, "பழைய அத்தர் போல, வாசனையே எழும்பல" என்று பேசிக்கொண்டார்கள். மணமில்லாமல்தான் அவரைத் தூக்கிப்போனார்கள்.

இருபத்திரண்டாம் நாள் ரசியா மாமிக்கும் அந்த வாசனை எட்டியது. அத்தாவின் தங்கை, இத்தா முடியும்வரை துணையாக இருக்கக் காட்டுமன்னார்கோயிலிலிருந்து வந்திருந்தாள்.

"மச்சி, தப்பா நெனைக்காதீங்க. எங்க அண்ணனுக்குப் போட்ட மண்ணு இன்னும் காயல. அதுக்குள்ள என்னா வாசனை இது?"

"அல்லா மேல ஆணையா நான் எதையும் தொடல ரசியா."

"அப்ப ஜின்னு வந்து பூசிட்டுப் போவுதா?"

மாமி டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தாள், தலையணை உறையை உதறினாள். எதுவும் இல்லை. துக்கம் கேட்க வந்த பெண்கள் அறை வாசலில் மூக்கை உறிஞ்சி, ஒருவரையொருவர் பார்த்து, டீகூடக் குடிக்காமல் கிளம்பினார்கள். "ராவுத்தர் ஊட்டம்மா மினுக்கிக்கிட்டு உக்காந்திருக்காம்" என்ற பேச்சு குழாயடிவரை போய்விட்டது. அம்மா யாரிடமும் வாதாடவில்லை. ஒரு நாளைக்கு நான்கு தடவை குளித்தாள். தேய்த்துத் தேய்த்து மணிக்கட்டுத் தோல் சிவந்து உரிந்தது. சுல்தானா தண்ணீர் மொண்டு கொடுத்தாள். ஒரு வாக்கியம் போதும். நாக்கு எழவில்லை.

ஒருவேளை தன் உடம்பிலிருந்துதான் வருகிறதோ? எட்டு மாதம் பூசியதாயிற்றே. மறுநாள் லேபில் அட்டெண்டர் தில்லைநாதனிடம் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்.

"அண்ணே, எம்மேல ஏதாவது வாசனை வருதா?"

"வாசனையா? அழுவுன முட்டைதான் வருது. முன்னயெல்லாம் கல்யாணப் பொண்ணாட்டம் மணந்துக்கிட்டு வருவீங்க. இப்ப நீங்களும் எங்க ஜாதியில சேந்துட்டீங்க" என்று சிரித்தார் அவர்.

அவளுக்கு ஆறுதலாக இருக்கவில்லை. வாசனை என்பது பொருள். ஆவியாக வேண்டுமென்றால் எங்கோ ஒரு திரவம் இருந்தாக வேண்டும். வீட்டுக்கு வந்து பாயை, திரையை, சுவரை, தலையணையை ஒவ்வொன்றாக முகர்ந்தாள். எதிலும் இல்லை. அம்மாவிடம் மட்டும் இருந்தது. அம்மாவிடமும் மூன்றே இடங்களில். இடது மணிக்கட்டு. இரண்டு காதுகளுக்குப் பின்னால். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தாள். பஞ்சில் தேன் நிறத்தில் எண்ணெய் ஏறியது.

மறுநாள் மறுபடியும் அதே மூன்று பொட்டு.

இருபத்தேழாம் நாள் மாலை மாமி முடிவாகச் சொன்னாள். "நாளைக்குப் பள்ளிவாசல் ஜமாத்துல சொல்லிடப் போறேன். எங்க அண்ணன் ஊட்டுல இந்த அசிங்கம் வேணாம்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அப்போதுதான் சுல்தானாவுக்கு வாய் திறந்தது.

"அம்மா ஒண்ணும் பண்ணல மாமி. நான்தான். அத்தா கஃபனுக்கு வச்சிருந்தத தெனம் எடுத்துப் பூசிக்கிட்டேன். குப்பியில வேற எண்ணெய ஊத்தி வச்சேன். அத்தா மேல ஊத்துனது அத்தரே இல்ல."

மாமி அவள் கையைப் பிடித்திழுத்து முகர்ந்தாள். உதறினாள்.

"முட்டை நாத்தம் கொடலப் புடுங்குது. நீ அத்தர் பூசினவளா? பெத்தவளக் காப்பாத்த என்னா பொய் சொல்றே! படிச்ச புள்ள!"

மாமி நம்பவில்லை. அம்மா நம்பினாள். கண்ணைத் திறந்து மகளை வெகுநேரம் பார்த்தாள்.

"மூக்கு போயிடுச்சுன்னு சொல்லிச் சொல்லியே போனாங்களேம்மா" என்றாள். கோபமில்லாத குரல். அவள் திட்டியிருந்தால் தேவலை. பிறகு மல்லாந்து படுத்துக்கொண்டாள்.

"எழுந்து குளிங்க மச்சி. நான் தண்ணி இறைக்கிறேன்" என்று மாமி கொல்லைக்குப் போனாள். கிணற்றில் ராட்டினம் கிறீச்சிட்டது. அந்திக்கு, மஃரிப் பாங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. ஜன்னல் வழியே வந்த வெளிச்சம் தரையில் மட்டும் கிடந்தது, பாய்மேல் ஏறவில்லை.

கிராம்பு.

சுல்தானா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் மணிக்கட்டில் ஒரு பொட்டு மினுங்கியது. ஒரு கணம் முன்பு அது இல்லை.

"என்னா சுல்தானா, கை இப்பிடி ஜில்லுன்னு இருக்கு?"

சுல்தானா வாசலருகில் இருந்தாள். மூன்றடி தள்ளி.

"அம்மா, நான் இங்க இருக்கேன்."

அம்மாவின் நெற்றி நடுவில் தோல் லேசாக அமுங்கியது. மீண்டபோது அங்கே எண்ணெய் இருந்தது. பிறகு மூக்கின் நுனி.

உயிரோடிருப்பவர்கள் அங்கே பூசுவதில்லை. தொழுகையில் சுஜூதுக்குக் குனியும்போது தரையைத் தொடும் இடங்கள் அவை. மய்யித்துக்குத்தான் அங்கே வாசனை வைப்பார்கள்.

வலது உள்ளங்கை. இடது உள்ளங்கை.

"அத்தா" என்றாள் சுல்தானா. "எடுத்தது நான். அம்மா இல்ல." சத்தம் வந்ததா என்று தெரியவில்லை. ராட்டினம் நின்றிருந்தது.

வெள்ளைச் சேலையில், முழங்கால் இருக்கும் இடத்தில், இரண்டு வட்டங்கள் ஊறின. ஒன்று. மற்றொன்று. அவசரமில்லை. காரம் அடங்கிக்கொண்டிருந்தது. கட்டை வாசம் மட்டும். அறை முழுக்க. வாயில்கூட.

"தூக்கம் வருதும்மா" என்றாள் அம்மா.

"தூங்காதீங்க. அம்மா. எந்திரிங்க."

சுல்தானா கால் எடுத்து வைக்கப் பார்த்தாள். முடியவில்லை.

பாதங்கள். வலது. இடது.

அம்மாவின் கால் பெருவிரல்கள் இரண்டும் மெல்ல நகர்ந்து ஒன்றையொன்று தொட்டன. சேர்ந்து நின்றன. இரண்டையும் சுற்றித் தோலில் ஒரு மெல்லிய வரி பதிந்தது, இறுகியது. நூல் எதுவும் இல்லை.

அதன்மேல் இரண்டாவது சுற்று.