ஆதாரம்: மெட்டில்டா டீச்சர்

பியூலாவுக்கு வயது பன்னிரண்டு. அவள் எழுதிய பரீட்சைத் தாள் எதுவும் அதுவரை அப்பாவின் சட்டைப் பையில் மடங்கிக் கிடந்ததில்லை. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அப்பா ஜெபசீலன் ஆபீசிலிருந்து வந்தார். காபிகூடக் கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் விரித்தார்.

"இது உன் கையெழுத்துதானே?"

பியூலா எட்டிப் பார்த்தாள். போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில், வேதபாட வகுப்பான ஓய்வுநாள் பள்ளியில் எழுதிய தேர்வு. ஐந்தாவது கேள்விக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலில் பெரிய முட்டை. அந்த முட்டையைச் சுற்றி இன்னும் மூன்று வட்டம் வேறு.

"மனிதன் எவ்வாறு உண்டானான்? ஆதாரத்துடன் எழுதுக" என்பது கேள்வி.

ஓய்வுநாள் பள்ளியில் அது ஒரு கண்டிப்பான வழக்கம். எந்தப் பதிலை எழுதினாலும், அது வேதத்தில் எத்தனையாவது அதிகாரம், எத்தனையாவது வசனம் என்று கடைசியில் ஆதாரம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கேள்விக்குரிய ஒரு மார்க்கில் அரை மார்க் போய்விடும். பியூலாவா அரை மார்க்கை விடுகிறவள்? இப்படி எழுதியிருந்தாள்:

"தேவன் மனிதனைப் படைத்தார். குரங்கிலிருந்து படைத்தார். அதற்குப் பல இலட்சம் வருஷம் எடுத்துக்கொண்டார். ஆதாரம்: மெட்டில்டா டீச்சர், வெள்ளிக்கிழமை, மூன்றாம் பீரியட்."

"டீச்சர் சொன்னதைத்தானேப்பா எழுதினேன்?" என்றாள் பியூலா.

"அதுதாம்மா வினை. பேர், கிழமை, பீரியட் எல்லாம் போட்டு நீயே சாட்சி சொல்லி வெச்சிருக்கே."

மெட்டில்டா டீச்சர் கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் வருகிறவர். வாரம் முழுக்கத் தாம்பரத்துப் பள்ளிக்கூடத்தில் பியூலாவின் எட்டாம் வகுப்புக்கு விஞ்ஞானம் நடத்துவார். ஞாயிறானால் அதே பிள்ளைகளுக்குக் கோயிலில் வேதபாடம் நடத்துவார். பள்ளிக்கூடமும் அந்தக் கோயில் சபையுடையதுதான். அதன் கரஸ்பாண்டெண்ட் எலியேசர் தாத்தா. வாத்தியார்களை வேலைக்கு வைப்பதும் நீக்குவதும் அவர் கையெழுத்தில் இருந்தது. ஓய்வுநாள் பள்ளித் தாள் திருத்துவதும் அவரே. அந்த முட்டை அவர் போட்டதுதான்.

"நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் கமிட்டி கூடுது" என்றார் அப்பா. அவர்தான் கமிட்டிக்குச் செயலாளர். "வெள்ளிக்கிழமை வகுப்புல சொன்னது பொய்னு எழுதின லெட்டர்ல டீச்சர் கையெழுத்துப் போடணுமாம். இல்லைன்னா வேலையை விட்டு நிறுத்திடுவாராம். அவங்க கையெழுத்துப் போட வேண்டிய லெட்டர்கூட ரெடி."

பியூலா அப்பாவின் கையைப் பிடித்தாள்.

"நீங்க வேண்டாம்னு சொல்லக் கூடாதாப்பா?"

"சொன்னேன். உன் பொண்ணு எழுதின தாள், நீ பேசாதேன்னுட்டார்."

எலியேசர் தாத்தா வேறெங்கோ இருப்பவர் அல்ல. இரும்புலியூரில் பியூலாவின் வீட்டுக்கு அடுத்த வீடு. ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பேசினால் ரயிலே நின்றுவிடும் என்று தெருப் பிள்ளைகள் சொல்வார்கள். பியூலா கொல்லைப்பக்கம் ஓடி மதில் சுவரை எட்டிப் பார்த்தாள்.

தாத்தா கிணற்றடியில் உட்கார்ந்து ஒரு பரங்கிக்காயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் அறுப்பின் பண்டிகை. வீட்டில் விளைந்ததைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் படைக்கிற நாள். வருஷா வருஷம் இருப்பதிலேயே பெரிய பரங்கிக்காய் எலியேசர் தாத்தாவுடையதுதான். காயைத் துண்டால் துடைத்து, அதன்மேல் கோந்து தடவி ஒரு சீட்டை ஒட்டினார். அதில் முத்து முத்தாக எழுதியிருந்தது: "கர்த்தர் தந்தது. – எலியேசர், இரும்புலியூர்."

"தாத்தா, தப்பு என்னோடது. டீச்சர் மேல இல்லை" என்றாள் பியூலா.

தாத்தா நிமிரவில்லை. "பெரியவங்க விவகாரத்துல சின்னப் பிள்ளைங்க தலையிடக் கூடாது. போய் வசனம் படி."

"தாத்தா, ஒரு நிமிஷம்..."

"போன்னு சொன்னேன்!"

ரயில் நின்றுவிட்டது. பியூலா இறங்கி வீட்டுக்குள் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நிற்க இடமில்லை. பீடத்துக்கு முன்னால் வாழைத்தார், நெற்கதிர், கூடை கூடையாகக் கத்தரிக்காய், காலைக் கட்டிப் போட்ட நாலு கோழிகள். நடுவில் ராஜா மாதிரி எலியேசர் தாத்தாவின் பரங்கிக்காய். போதகர் வேதசிரோமணி பிரசங்கத்தில் சற்று மூச்சு வாங்கினால் போதும், கோழிகள் மிச்சத்தைச் சொல்லின. மற்ற வருஷமாக இருந்தால் பியூலா சிரிப்பை அடக்க முடியாமல் திணறியிருப்பாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டுக்காரர்கள் வரிசையில் மெட்டில்டா டீச்சர் நின்றார். பாட்டுப் புத்தகம் திறந்திருந்தது. வாய் அசையவில்லை.

ஆராதனை முடிந்ததும் ஜனம் வெளியே போயிற்று. படைத்த பொருள்களை ஏலம் விடுவதற்கு வேப்பமரத்தடியில் மேஜை போட்டார்கள். போதகர், எலியேசர் தாத்தா, அப்பா மூவரும் பக்கத்து அறைக்குள் போனார்கள். கடைசியாக டீச்சர் போனார். கதவு சாத்திக்கொண்டது. அறை வாசலில் கோயில் வேலை பார்க்கும் தயாளன் காவல் நின்றார்.

பியூலா, கோயிலுக்குள் திறக்கும் அந்த அறை ஜன்னலுக்கு அடியில் போய் நின்றாள். ஒட்டுக் கேட்பது தப்பு என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் நின்றாள்.

"சர்க்கார் பாடப் புத்தகத்துல இருக்கிறதை நடத்தினேன் சார்" என்றார் டீச்சர்.

"புத்தகத்துல ஆயிரம் இருக்கும்! நீங்க அதை நம்புறீங்களா?" இது எலியேசர் தாத்தா.

"நம்புறேன் சார். பாறைக்குள்ள எலும்பு கிடைச்சிருக்கு. பார்த்தவங்க எழுதியிருக்காங்க."

"அப்ப கர்த்தர் படைச்சாருங்கிறதை நம்பலை."

"அதையும் நம்புறேன். நம்பாமலா ஒன்பது வருஷமா ஞாயிற்றுக்கிழமை வர்றேன்?"

"ரெண்டும் ஒண்ணா இருக்க முடியாது! படைச்சார்னா படைச்சார், தானா வந்துச்சுன்னா தானா வந்துச்சு. ஒண்ணைச் சொல்லுங்க. இந்தாங்க பேனா, கையெழுத்துப் போடுங்க."

பேனாவை மேஜைமேல் வைக்கிற சத்தம் கேட்டது.

"பொய்னு கையெழுத்துப் போட முடியாது சார்" என்றார் டீச்சர்.

பியூலாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. தன்னால்தான், அரை மார்க் ஆசையால்தான் இத்தனையும். உள்ளே போக வேண்டும். போய் என்ன சொல்வது? தாத்தா ஒரு அதட்டல் போட்டால் தான் நின்றுவிடுவோம் என்று அவளுக்கே தெரியும். திரும்பிப் பார்த்தாள். மற்றதெல்லாம் ஏலத்துக்குப் போயிருக்க, பீடத்துக்கு முன்னால் பரங்கிக்காய் தனியாக உட்கார்ந்திருந்தது. அதன் நெற்றியில் அந்தச் சீட்டு.

பியூலா சீட்டை ஒருமுறை படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு குனிந்து, இரண்டு கையாலும் காயைக் கட்டித் தூக்கினாள். அம்மாடி! நெஞ்சை அடைத்தது கனம். குடத்தைத் தூக்குவதுபோல இடுப்பில் வைத்துக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி அறை வாசலுக்குப் போனாள்.

"இன்னா பாப்பா, எங்க போறே? உள்ள கமிட்டி நடந்துகினு கீது" என்றார் தயாளன்.

"எலியேசர் தாத்தா காய் அண்ணா."

"அத்த இன்னாத்துக்கு இங்க தூக்கினு வந்தே? ஏலம் வுடறது மரத்தாண்ட."

"தாத்தா இதைப் பார்க்கணும் அண்ணா. கை நழுவுது!"

"ஐயோ, போட்டு ஒடச்சிட்டா என் தலை போயிரும்!" என்று தயாளன் கதவைத் திறந்துவிட்டார்.

நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பியூலா யாரையும் பார்க்கவில்லை. நேராக மேஜைக்குப் போய்க் காயைத் தொப்பென்று வைத்தாள். அது கையெழுத்துக்காகக் காத்திருந்த லெட்டரின் மேலேயே உட்கார்ந்தது.

"பியூலா!" என்றார் அப்பா.

"யார் உன்னை உள்ளே விட்டது?" தாத்தா எழுந்தேவிட்டார்.

பியூலா சீட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டாள்.

"தாத்தா, இதுல கர்த்தர் தந்ததுன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா, எழுதியிருக்கேன். அதுக்கென்ன?"

"ஆனா இது எங்க குளியலறை ஓட்டு மேல காய்ச்சுது."

போதகர் சட்டென்று இருமினார். தாத்தாவின் காது சிவந்தது. கொடி மதில் தாண்டிய விஷயம் போதகருக்குத் தெரியாது.

"ஓட்டு மேல காய்ச்சா என்ன, தரையில காய்ச்சா என்ன? கர்த்தர் தந்ததுதான்!"

"தினமும் நான் பார்த்தேன் தாத்தா. ஜூன் மாசம் நீங்க விதை போட்டீங்க. அப்புறம் ரெண்டு இலை வந்துச்சு. கொடி ஏறுச்சு. மஞ்சப் பூ வந்து நிறைய உதிர்ந்துபோச்சு. ஒரே ஒரு பூவுல எலுமிச்சங்காய் மாதிரி பிஞ்சு பிடிச்சுது. பச்சையா இருந்து மெதுவா, மெதுவா இவ்வளவு பெரிசாச்சு. முழுசா நாலு மாசம்."

"அதனால?" என்று தாத்தா முழங்கினார். "நாலு மாசம் ஆச்சுன்னா கர்த்தர் தரலைன்னு ஆயிடுமா? விதையில வந்தா என்ன, கொடியில வந்தா என்ன? மெதுவா வந்தாலும் தந்தது அவர்தானே!"

சொல்லி முடித்துவிட்டு அப்படியே நின்றார்.

வெளியே கோழி ஏலம் போய்க்கொண்டிருந்தது.

"அதைத்தான் தாத்தா நானும் எழுதினேன்" என்றாள் பியூலா, மெல்ல.

தாத்தா நாற்காலியில் உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார். "பரங்கிக்காய் வேற, மனுஷன் வேற" என்றார். குரலில் ரயிலை நிறுத்தும் அதட்டல் இல்லை.

"ஆமா தாத்தா. மனுஷன் ரொம்பப் பெரிய வேலை. அதான் ரொம்ப நாள் ஆகியிருக்கு."

மெட்டில்டா டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பியூலாவுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஆனா குரங்கிலிருந்துன்னு எழுதினது என் தப்பு. டீச்சர் அப்படிச் சொல்லலை. குரங்குக்கும் நமக்கும் ரொம்ப ரொம்பப் பழைய முன்னோர் ஒண்ணுன்னுதான் சொன்னாங்க. நான் அவசரத்துல குரங்குன்னு எழுதி, அவங்க பேரையும் போட்டுட்டேன். என்னை மன்னிச்சிடுங்க டீச்சர்."

டீச்சர் அவளை இழுத்துத் தோளோடு அணைத்துக்கொண்டார்.

தாத்தா அப்பாவிடம் கை நீட்டினார். அப்பா பரீட்சைத் தாளைக் கொடுத்தார். தாத்தா சட்டைப் பையிலிருந்து ரப்பரை எடுத்து முட்டையை அழிக்க ஆரம்பித்தார். சுற்றியிருந்த மூன்று வட்டத்தையும் அழித்தார். வெகு நேரம் பிடித்தது.

"டீச்சரெல்லாம் ஆதாரம் ஆக முடியாது. அதுக்கு அரை மார்க் கட்" என்றார்.

"சரி தாத்தா. மிச்ச அரை மார்க்?"

"நீ எழுதினது சரியா தப்பான்னு எனக்குத் தெரியலை. மேலே போனதும் நேரா அவரையே கேட்டுட்டுப் போடறேன். அவசரம் இல்லையே?"

"இல்லை தாத்தா. மெதுவாவே போங்க" என்றாள் பியூலா.

அப்பா வாயைப் பொத்திக்கொண்டார். யாராவது மனசை மாற்றிக்கொள்வதற்குள் போதகர் வேதசிரோமணி எழுந்து, "கமிட்டி முடிஞ்சது, ஜெபிப்போம்" என்று கண்ணை மூடிவிட்டார். அவ்வளவு சின்ன ஜெபத்தை அவர் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை.

பரங்கிக்காயை ஏலத்தில் எடுத்தது யார் என்கிறீர்கள்? எலியேசர் தாத்தாவேதான். வேறு யாராவது எடுத்தால் சாம்பாரில் போட்டுக் குழைத்துவிடுவார்கள் என்று அவருக்குப் பயம்.

திங்கட்கிழமை காலையில் கூடுவாஞ்சேரி ரயிலிலிருந்து மெட்டில்டா டீச்சர் எப்போதும்போல் குடையோடு இறங்கினார். வெள்ளிக்கிழமை மூன்றாம் பீரியடில் விஞ்ஞானம் நடத்தினார்.

அடுத்த சனிக்கிழமை பியூலா கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, மதிலுக்கு மேலாக ஒரு காகிதப் பொட்டலம் வந்து காலடியில் விழுந்தது. எட்டிப் பார்த்தாள். தாத்தா முதுகைக் காட்டிக்கொண்டு கிணற்றடிப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

பொட்டலத்துக்குள் பரங்கி விதைகள். நன்றாகக் கழுவிக் காயவைத்தவை. சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்தாள். அது அந்த லெட்டர்தான். கையெழுத்துப் போட விட்டிருந்த இடம் காலியாகவே இருந்தது. பின்பக்கம் சிவப்புப் பென்சிலில் முத்து முத்தாக எழுதியிருந்தது:

"கர்த்தர் தருவார். நாலு மாதம் ஆகும். ஆதாரம்: பியூலா, அடுத்த வீடு."