பல்லிடுக்கில் ஒரு சோம்பு

மூன்று நாளாகியும் அந்தச் சோம்பு பல்லிடுக்கை விட்டு வரவில்லை. லெட்டிஸ் ஊசியால் நோண்டிப் பார்த்தாள், உப்புத் தண்ணீரால் கொப்பளித்தாள், ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். கண்ணாடியில் பல் சுத்தமாகத்தான் இருந்தது. நாக்கால் தடவினால் மட்டும் விதை அங்கேயே இருந்தது, ஊறிப்போய், கொழகொழவென்று. நாக்கு படும்போதெல்லாம் ஒரு சுவை கசிந்தது. முதலில் உப்பு, பிறகு கற்பூரம், அதற்கும் அடியில் வெகுநாள் மூடிக் கிடந்த படுக்கையின் வாடை.

வயிற்றில் நாலு மாதம் என்பதால் குமட்டலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோல்ட்வெல் மாளிகைக்கு அவள் எஜமானியாகி ஐந்து மாதம் ஆகிறது. அதற்கு முன்பு இதே வீட்டில் ஹம்ப்ரி லேசியின் ஆறு வயது மகள் சுசானாவுக்குப் பாடம் சொல்ல வந்தவள். அநாதைப் பள்ளியில் வளர்ந்த அவளை, மனைவியை இழந்த அந்தச் சீமான் மழைத் தோட்டத்தில் கையைப் பிடித்து நிறுத்தி, "நீ இல்லாட்டி இது எனக்கு வீடே இல்ல, லெட்டி" என்றார். கதைகளெல்லாம் அந்த இடத்தில் தேவாலயக் கல்யாண மணியை அடித்து முடிந்துவிடும். அதற்குப் பிறகு சரக்கறைச் சாவி யார் இடுப்பில் தொங்கியது என்று எந்தக் கதையும் சொல்வதில்லை.

இங்கே அது லெட்டிஸின் இடுப்புக்கு வந்தது. இருபது வருடம் வீட்டை நிர்வகித்த மிஸஸ் ப்ரோதரோ, "எல்லாச் சாவியும் இருக்கான்னு பார்த்துக்கோங்க, டீச்சரம்மா" என்று சாவிக்கொத்தை மேசையில் வைத்தாள். வார்த்தையில் இருந்த மரியாதை முகத்தில் இல்லை.

சுவை மட்டும் என்றால் சகித்துக்கொண்டிருப்பாள். நேற்றிலிருந்து, அவள் செய்யாத காரியங்கள் அவளுக்கு நினைவு வர ஆரம்பித்தன. பிறந்ததிலிருந்து நடனக் கூடத்தையே பார்க்காதவளுக்கு, யாருடைய முத்து ஊக்கையோ தன் கையுறைக்குள் நழுவவிட்டது நினைவுக்கு வந்தது. பழி விழுந்த வேலைக்காரப் பெண் அழுததும், அந்த அழுகை இனித்ததும் கூட. இன்று காலை வந்தது வேறு. சரிகை ஓரம் வைத்த சின்னத் தலையணை. அதன் கீழே இளஞ்சூடாக ஏதோ ஒன்று, முதலில் துடித்து, பிறகு துடிக்காமல். எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்று அவள் உள்ளங்கைகளுக்குத் தெரிந்திருந்தது. ஹம்ப்ரியின் இறந்துபோன முதல் மனைவி கான்ஸ்டன்ஸ் பெற்ற ஆண் குழந்தை காய்ச்சலில் போனதாகத்தான் இந்த வீட்டில் எல்லோரும் சொல்வார்கள்.

லெட்டிஸ் பேசினைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். தேநீர் வந்தது, பித்தம் வந்தது. சோம்பு வரவில்லை. வயிற்றின் மேல் கையை வைத்தவள் சட்டென்று எடுத்துக்கொண்டாள். தன் பிள்ளையை இந்தக் கைகளால் தூக்கப் போகிறோம் என்பதை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

தங்கை வீட்டுக்குப் போயிருந்த ப்ரோதரோ அன்று பிற்பகல்தான் திரும்பி வந்தாள். நனைந்த தொப்பியைக் கழற்றுவதற்குள் அவள் கண், அலமாரியில் கழுவிக் கவிழ்த்திருந்த தகர டப்பாவின் மேல் விழுந்தது.

"இதுல இருந்தது எங்கம்மா?"

"அந்தச் சோம்பு போட்ட காஞ்ச ரொட்டியா? துருவிப் பால்ல ஊறப்போட்டு, முட்டையும் திராட்சையும் போட்டு புட்டிங் பண்ணிட்டேன். இத்தன நாளா யாருக்காகப் பூட்டி வச்சிருந்தீங்க? எங்க பள்ளிக்கூடத்துல ஒரு துண்டு வீணாக்கினா பிரம்படி விழும், தெரியுமா?"

எஜமானியின் முன்னால் ஒருநாளும் உட்காராத ப்ரோதரோ நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"உங்க சிக்கனத்துல இடி விழ! இத்தன நாளாகியும் பூசணம் பிடிக்காத ரொட்டிய யாராச்சும் வாயில வைப்பாங்களா?"

"அதனாலதான் நல்லா இருக்குன்னு..."

"அது கான்ஸ்டன்ஸ் அம்மா நெஞ்சு மேல வச்ச ரொட்டி."

அடுப்பில் கெண்டி கொதித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் லெட்டிஸுக்குத் தன் தொண்டைக்குள் கேட்டது.

"செத்த அன்னிக்கு நான்தான் வச்சேன், உப்போட. இந்தப் பக்கம் எல்லா வீட்டுலயும் வைக்கிறதுதான். பாவந்தின்னி வந்து அதைத் தின்னா, செத்தவங்க செஞ்சதெல்லாம் அவன் வயித்துக்குப் போயிரும். அவனும் வந்தான். ஐயா காட்டுமிராண்டித்தனம்னு சவுக்கெடுத்து விரட்டிட்டாரு. ரொட்டி என் கையில நின்னு போச்சு. நாய்க்குப் போட முடியுமா? எரிச்சா புகையா வீட்டுக்குள்ளதானே சுத்தும்? மூணு நாள் பிணத்து மேல கிடந்து ஊறின ரொட்டிம்மா அது. ஒரு புழு தொடல. எலி தொடல."

லெட்டிஸ் கைக்குட்டையால் நாக்கைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். தோல் உரிகிற மாதிரி துடைத்தாள்.

"நீங்க எவ்வளவு சாப்பிட்டீங்க?"

"முக்கால்வாசி."

"ஐயா?"

"திராட்சை போட்டா தொடமாட்டாரு."

"குழந்தை?"

"சளின்னு அவளுக்குக் கஞ்சிதான் கொடுத்தேன். நான் மட்டுந்தான்..."

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. ஒரு ஓரத்தை மறுநாளைக்கென்று கிண்ணத்திலேயே விட்டு, தட்டால் மூடி வைத்திருந்தாள். காலையில் கிண்ணம் பளபளவென்று காலியாகக் கிடந்தது. அதற்குள் ஒரு சின்னக் கரண்டி. வேலைக்காரி வழித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். கிண்ணத்தில் ஒரு துளி மிஞ்சக்கூடாது, வழித்துச் சாப்பிட வேண்டும் என்று சுசானாவுக்குச் சொல்லிக் கொடுத்தது அவள்தான். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, தினமும்.

படிகளில் ஏறினாள். பாவாடை தடுக்கியது. மேலே மழைச் சத்தம் மட்டும்.

குழந்தையின் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே யாரோ தாலாட்டுகிற மாதிரி முனகினார்கள். அந்த மெட்டு அவளுக்குத் தெரியும். இன்று காலையிலிருந்து தெரியும்.

கற்பூர வாடை.

தள்ளினாள்.

சுசானா முதுகைக் காட்டிக்கொண்டு கம்பளத்தில் மண்டியிட்டிருந்தாள். எதிரே பொம்மைத் தொட்டில். பொம்மை வெளியே கிடந்தது. தொட்டிலில் சரிகைத் தலையணை. அதன் கீழிருந்து ஒரு சாம்பல் வால் நீட்டிக்கொண்டிருந்தது, இரவெல்லாம் அவள் கட்டிக்கொண்டு தூங்கும் பூனைக்குட்டியின் வால். அது ஒருமுறை அசைந்தது.

பிறகு அசையவில்லை.

"தூங்கிருச்சு," என்று சுசானா திரும்பிச் சிரித்தாள். நாக்கு அவள் பல்லிடுக்கைத் துழாவிக்கொண்டே இருந்தது. கண்கள் லெட்டிஸின் வயிற்றில் வந்து நின்றன. "தம்பி வருவான்னு அப்பா நேத்து சொன்னாரே. எப்ப வருவான், மிஸ்?"

லெட்டிஸ் கத்துவதற்கு வாயைத் திறந்தாள். கால்கள் அவளைக் கேட்காமல் உள்ளே நடந்தன. முழங்கால்கள் மடங்கின. கை நீண்டு, குழந்தையின் பிஞ்சு விரல்களைத் தலையணையின் நடுவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்துக்கு நகர்த்தியது.

"நடுவுல பிடிச்சா நழுவும், கண்ணு," என்றது அவள் வாய், பாடம் சொல்லும் பொறுமையோடு. "ரெண்டு மூலையையும் பிடிச்சுக்கோ."