பட்டியலில் இல்லாதவள்

சிவப்பு அட்டை அவள் கழுத்தில்தான் தொங்கியது. அப்படியும் கோப்பைத் திறந்தபோது, ‘இதை வேறொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார்’ என்றது திரை.

அந்தக் குளிர்பதனக் கிடங்கில் அவள் பதிவு எழுத்தர். உறைபனி அறைகளுக்குள் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல் அவளுடைய கணினியிலும் சரக்கு வாசல் கணினியிலும் ஒரே கோப்பாகத் திறக்கும். ஒரே நேரத்தில் இருவர் கைவைத்தால், ஒருவர் எழுதியதை மற்றவருடையது அழித்துவிடும். அதற்காகத்தான் அந்த அட்டை. அதை மாட்டியிருப்பவர் மட்டுமே எழுதலாம். போன சனிக்கிழமை அவளுக்கு வீட்டுக்குப் போகிற அவசரம். ஒரு அட்டைக்காக வாசல்வரை யார் நடப்பது என்று சலித்துக்கொண்டு, தன் பாட்டுக்கு எழுதிச் சேமித்தாள். அதே நிமிடம் வாசலில் மேற்பார்வையாளர் எழுதிய வரி காணாமல் போயிற்று. பட்டியல் காலியானால் ஆறு மணிக்குக் கதவுகள் தாமாகப் பூட்டிக்கொள்ளும், உள்ளிருந்து திறக்க வழியில்லை. அந்த வரியில் இருந்த சுமைக்காரரைத் திங்கட்கிழமை காலையில் பிணமாகத்தான் வெளியே எடுத்தார்கள். மேற்பார்வையாளருக்கு வேலை போயிற்று. இவள் வாயைத் திறக்கவே இல்லை.

இப்போது மணி ஐந்தே முக்கால். பட்டியலில் ஒரே ஒரு வரி. மூன்றாம் அறை, அவள் தம்பி.

வாசல் காவலாளியைப் போனில் அழைத்தாள். “அண்ணே, அங்க கம்ப்யூட்டர்ல யாரு உக்காந்திருக்கா?”

“எந்தக் கம்ப்யூட்டர்? விசாரணைக்குன்னு அதைக் கழட்டி எடுத்துட்டுப் போயி மூணு நாளாச்சு. இப்ப அங்க தூசிதான் உக்காந்திருக்கு.”

ரிசீவரை வைக்கும்போதே அறைக்குள் அமோனியா நெடியும் ஈரச் சாக்கின் வாடையும் மெல்லப் பரவுவதை உணர்ந்தாள். சுவருக்கு அப்பால் எந்நேரமும் உறுமும் மோட்டார்களின் சத்தத்துக்கு அடியில், விறைத்த விரல்கள் ஒவ்வொரு பொத்தானாகத் தேடி அழுத்துவதுபோல் டக், டக் என்று ஏதோ கேட்டது. திரையில் தம்பியின் பெயர் கடைசி எழுத்திலிருந்து அழிந்துகொண்டு வந்தது.

திரும்ப எழுதினாள். அழிந்தது. மறுபடியும் எழுதினாள். அதுவும் அழிந்தது.

ஐந்து ஐம்பத்தைந்து.

ஓடினாள். அறைக்குள் போகிறவர் முதலில் தன் பெயரைப் பதிய வேண்டும் என்பது விதி. யாருக்கு நேரம்?

மூன்றாம் அறையின் கதவை இழுத்தாள். வெண்புகை முகத்தில் அறைந்தது. பெட்டி அடுக்குகளின் கோடியில், கிடங்கின் கனத்த நீலக் கோட்டோடு ஒருவன் முதுகைக் காட்டிக் குந்தியிருந்தான்.

“டேய், எந்திரிடா. வா வெளிய.”

அசையவில்லை. கிட்டே போனாள். பின்னால் கதவு தானே வந்து சாத்திக்கொண்டது. அதற்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல். தம்பியும் வாசல் காவலாளியும்.

“அக்கா கிளம்பிட்டாங்க போலண்ணே. சீட்ல காணோம்.”

“லிஸ்ட்டைப் பாத்தியா?”

“பாத்தேன். யாருமில்ல.”

கத்தினாள். மோட்டார் சத்தம்தான் பெரிதாக இருந்தது. கதவில் மோதினாள், அது அசையவில்லை. காலடிகள் விலகின.

ஆறு. பூட்டு விழுந்தது.

விளக்கு அணைவதற்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நீலக் கோட்டு எழுந்து நின்றது. நகங்கள் இல்லாத விரல்கள். இமைகளில் உறைபனி. அந்தச் சுமைக்காரர் அவசரப்படவில்லை. நடந்து வந்து, அவளுக்கும் கதவுக்கும் நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.