அமாவாசை வயித்துவலி

“இந்த இருசிய வச்சிக்கிட்டு வாசல்ல கோலம் வேறயா?”

காலையிலேயே நாத்தனார் பாஞ்சாலையின் குரல் தெருக்கோடிவரை கேட்டது. உள்ளே மகள் ஜெயஸ்ரீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். பதினேழு முடிந்தும் இன்னும் பெரியவளாகவில்லை; அதனால்தான் அந்த ‘இருசி’ப் பட்டம். வாசலில் அம்மா செல்வநாயகி கோலப்பொடிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“அண்ணி... புள்ள வலியில துடிக்குது. அந்தச் சொல்ல மட்டும் சொல்லாதீங்க!”

“வலியா? அமாவாச வந்தா போதும், மாசா மாசம் இதே நடிப்பு! எந்தம்பி தலைய தொங்கப்போட்டுக்கிட்டு நடக்கறான்...”

அந்தத் தம்பி ராஜாங்கம் சட்டையை மாட்டிக்கொண்டு, காதில் விழாதவன்போல வேலைக்குப் போனான். அவன் எப்போதும் அப்படித்தான்.

இதே அண்ணிதானா? கல்யாணமான புதிதில் செல்வநாயகியும் பாஞ்சாலையும் ஒரே பீங்கான் கம்பெனியில் களிமண் சுமந்தார்கள். ஒரே தூக்கில் சாப்பிட்டார்கள். மாதத்தில் அந்த மூன்று நாளும் இவள் சட்டியையும் சேர்த்துப் பாஞ்சாலையே சுமப்பாள். “நீ ஒக்காருடி, நான் பாத்துக்கறேன்” என்பாள். மேஸ்திரி முறைத்தால், “ஏன்யா, ஒன் பொண்டாட்டிக்கு வராதா?” என்று அவன் வாயை அடைப்பாள். சூளை ஓரம் உட்கார்ந்து செல்வநாயகி சிரித்த சிரிப்பு... எத்தனை காலம் ஆயிற்று!

ஆட்டோ பிடித்து மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா கேள்வி கேட்கக் கேட்க இவளுக்கு அழுகைதான் வந்தது.

“அமாவாசைக்கு அமாவாச நடிக்கிறாள்னு ஏசறாங்கம்மா...”

எழுதிக்கொண்டிருந்த டாக்டரம்மா நிமிர்ந்தார். “மாசா மாசம் வலிக்குதா? எவ்ளோ நாளா?”

“ரெண்டு வருஷமா.”

உடனே பரிசோதித்தார். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படத்தைப் பார்த்துவிட்டு எதிரே உட்காரவைத்தார்.

“பதினஞ்சு தாண்டியும் வரலைன்னா அப்பவே காட்டியிருக்கணும்மா. சத்துக் கொறைவா இருக்கலாம், தைராய்டா இருக்கலாம், சிலர் கர்ப்பப்பையே இல்லாம பொறக்கறதும் உண்டு. ஒங்க பொண்ணுக்கு எல்லாம் சரியா இருக்குது. வெளிய வர்ற வழிய ஒரு சவ்வு மூடியிருக்குது. மாசா மாசம் வந்த ரத்தம் உள்ளயே தேங்கி நிக்குது. சின்ன ஆபரேஷன்தான்.”

“அப்ப எம்பொண்ணு...”

“ரெண்டு வருஷம் முன்னாடியே பெரியவளாயிட்டா.”

ஆபரேஷன் முடிந்த மறுநாள், ராஜாங்கம் சொல்லித் தெரிந்துகொண்டு பாஞ்சாலை வார்டு வாசலில் வந்து நின்றாள். கையில் அந்தப் பழைய தூக்கு.

“கஞ்சி கொண்டாந்தேன்... தலைக்கு எப்ப தண்ணி ஊத்தலாம்? அத்தக்காரி நாந்தானே ஊத்தணும்...”

“தண்ணி வேணாம் அண்ணி. அவ வலியிலயே ஆளாயிட்டா. தெருவுல வுட்டீங்களே ஒரு சொல்லு, அத மொதல்ல போயி எடுங்க.”

பாஞ்சாலையின் முகம் கோணியது. “எடுக்கறேண்டி... வூடு வூடா போயி எடுக்கறேன்...” என்று கட்டிலின் கால்மாட்டில் சரிந்து விம்மினாள்.

“அழுவாத அத்த,” என்றாள் ஜெயஸ்ரீ. “கஞ்சி ஆறுது.”

செல்வநாயகி கறைத்துணி கிடந்த வாளியை எடுக்க எழுந்தாள். பாஞ்சாலை கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து அதைப் பிடுங்கினாள்.

“நீ ஒக்காருடி, நான் பாத்துக்கறேன்.”

செல்வநாயகி உட்கார்ந்தாள்.