அசல் என்று எழுதியவள்

படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டியிருந்தார்கள். ஓவியங்களை மதிப்பிட்டுச் சான்றிதழ் தருவதற்காகப் பதினெட்டு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கியவள் அவள். முதுகு காட்டித் தொங்கும் படத்தை இப்போதுதான் பார்க்கிறாள்.

“மூணு பேர் வந்தாங்க மேடம்,” என்றாள் வீட்டுக்காரி. கணவன் இறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. “மூணு பேரும் போலின்னு எழுதிக் குடுத்துட்டு ஓடிட்டாங்க. அசல்னு சர்ட்டிபிகேட் இருந்தாத்தான் மியூசியத்துல எடுத்துப்பாங்களாம். இது இந்த வீட்டை விட்டுப் போகணும். அவர் இதைப் பாத்துக்கிட்டேதான்...”

முடிக்காமல் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த மூவரில் ஒருவர் அவளுடைய மேலதிகாரி. “ஒண்ணையும் பாக்காத. போலின்னு எழுதிட்டு வந்துடு,” என்று காலையில் சொல்லியிருந்தார். “அதுக்கு நான் எதுக்கு சார், ரப்பர் ஸ்டாம்ப் போதுமே,” என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்பினாள்.

சட்டத்தைக் கழற்றி, ஜன்னலோர மேசையில், பிற்பகல் வெயில் சாய்வாக விழும்படி தாளைக் கிடத்தினாள். நூறு வருடத்துக்கு முன் ஓர் ஓவியன் தன் முகத்தையே மரப்பலகையில் செதுக்கி, மை பூசி அச்செடுத்த படம். கன்னங்கள் கோடரியால் பிளந்தவை போலிருந்தன, நெற்றி கோணியிருந்தது, கண்களின் வெள்ளை வெறும் தாளாகவே விடப்பட்டிருந்தது. தாளின் வயது சரி. பென்சில் கையெழுத்தும் சரி. ஆனால் இன்று காலை பூசியது போல மை வாடை அடித்தது. எங்கோ உளி மரத்தைச் சுரண்டியது. பக்கத்து வீட்டில் தச்சுவேலை என்று நினைத்துக்கொண்டாள்.

தாளைத் திருப்பினாள். பலகை அழுத்திய கோடுகள் பின்பக்கம்தான் புடைத்திருக்க வேண்டும். இங்கே பின்பக்கம் குழிந்திருந்தது. புடைப்பெல்லாம் முன்பக்கம். உள்ளேயிருந்து யாரோ முகத்தை வைத்து அழுத்தியது போல.

லென்ஸைப் படத்திலிருந்த வாயருகே பிடித்தாள். கண்ணாடியில் ஆவி படர்ந்தது. தன் மூச்சை அடக்கினாள். ஆவி மறைந்தது. மறுபடி படர்ந்தது. கீழிருந்து.

சுரண்டல் பக்கத்து வீட்டில் இல்லை. மேசையில்.

எழுந்து ஓட இரண்டு எட்டு போதும். அவள் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டாள்.

“முறைக்கிறியா? நல்லா முறை. உனக்குப் பயந்து பொய் எழுத மாட்டேன்.”

எழுதினாள். வகை: மரச்செதுக்கு அச்சு. தாளில் கண்ணின் வெள்ளை நனைந்தது. நிலை: ஈரம். அதையும் எழுதினாள். படத்தின் உதடுகள் விரிந்தன. முடிவு: அசல்.

கையெழுத்துப் போட்டாள்.

சுரண்டல் நின்றது.

அவள் பின்வாங்கவில்லை. தாள் நடுவில் மெல்ல உயர்ந்தது. கிழியவில்லை. கறுத்த நான்கு விரல்கள், நகக்கண்ணில் மரச்சிராய்களோடு, உள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்து மேசை விளிம்பைப் பற்றின.