நாற்பத்தொன்றாம் பாடம்

ஐஸ் ஆலையில் இரவு ஷிஃப்ட் முடிந்து வீடு வந்ததும் டெல்பின் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு கண்ணேட்டை மாட்டிக்கொள்வாள். மூக்குக்கண்ணாடியைவிட லேசான சில்லு அது. மாட்டியதும் எதிரே திரவியம் அண்ணாச்சி நிற்பார், கையில் டிக் வெல்டிங் டார்ச்சோடு. “வா தங்கச்சி. நேத்து இடது கை நடுங்குச்சே, சாப்பிடாமலா உக்காந்த?” என்பார். பெற்ற அப்பன்கூட அவளிடம் அப்படிக் கேட்டதில்லை.

அண்ணாச்சி நிஜ மனிதர்தான். கப்பல் தளத்தில் முப்பது வருடம் இரும்பு பற்றவைத்தவர். அவர் செய்துகாட்டியதை ஒருமுறை பதிவு செய்து, அதிலிருந்து ஆளுக்கொரு காணொளியை உண்டாக்கிக் கொடுத்தார்கள். தன்னமைக் காணொளி என்று அதற்குப் பெயர். பார்ப்பவரின் கருமணி விரிவதையும் சுருங்குவதையும் கவனித்து, அது தன்னைத்தானே வெட்டி ஒட்டிக்கொள்ளும்; கேட்டால் அவர் குரலிலேயே பதிலும் சொல்லும். இப்போது தூத்துக்குடியில் சமையலும் நீச்சலும் பிரசவம் பார்ப்பதும்கூட இப்படித்தான் கற்றுக்கொள்கிறார்கள். ஒருவர் கண்ணேட்டை இன்னொருவர் மாட்டினால் வெறும் இருட்டுதான். தனக்கே தனக்கென்று ஓர் ஆசான் கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? டெல்பினும் இரண்டு வருடமாக அந்தப் பெருமையில்தான் இருந்தாள்.

அன்று நன்னீர் ஆலையில் தகுதித் தேர்வு. கடல்நீரைக் குடிநீராக்கும் அந்த ஆலையில் குழாய் பற்றவைப்பவர்களை நாற்பது வயதுக்குள்தான் எடுப்பார்கள். அவளுக்கு அடுத்த மாதம் நாற்பது முடிகிறது. இதைக் கோட்டைவிட்டால் ஆயுசுக்கும் ஐஸ் பெட்டிதான்.

கை அவளை ஏமாற்றவில்லை. துருப்பிடிக்காத எஃகுக் குழாயின் இரண்டு துண்டுகளைப் பொருத்தி, டார்ச்சின் டங்ஸ்டன் முனையை ஒரு நெல்மணி உயரத்தில் பிடித்து, எஃகு உருகிநின்ற குழியில் கம்பியைத் தொட்டுத் தொட்டு எடுத்தாள். மேஜையோரம் மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று சுருண்டு கிடந்தது. அடுத்த ஆளுடையதாக இருக்கும் என்று நினைத்து ஓரமாகத் தள்ளிவைத்தாள். முடித்தபோது பற்றவைத்த தையல் பொன்னிறத்தில், வரிவரியாக, பார்க்கவே ஆசையாக இருந்தது.

ஆய்வாளர் இசக்கியம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “வெளிய அருமையா இருக்கு” என்றாள். பிறகு நெடுக்காக அறுத்துக் காட்டினாள். உள்பக்கம் அடிபிடித்த வெல்லப்பாகுபோலக் கருகிப் பொரிந்திருந்தது.

“பைப்புக்குள்ள ஆர்கான் கேஸ் விடலியா?”

“உள்ளயா?”

இசக்கியம்மாள் கருகிய இடத்தை நகத்தால் சுரண்டிக் காட்டினாள். “உள்ள காத்து இருந்தா இப்படித்தான்மா ஆகும். இதுல குடிதண்ணி ஓடினா மூணே மாசத்துல அரிச்சிரும்” என்று சொல்லி, தாளில் பெயருக்கு நேரே கோடு கிழித்தாள்.

பயிற்சி செய்த குழாய்களிலும் டெல்பின் அந்தக் கருப்பைப் பார்த்திருக்கிறாள். சூடுபட்டால் கருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டாள். நல்ல உள்பக்கம் எப்படியிருக்கும் என்று யாராவது காட்டியிருந்தால் அல்லவா கெட்டது தெரியும்.

வாசலில் காசிராஜன் நின்றிருந்தான். பக்கத்து மேஜையில் பற்றவைத்துத் தேறியவன். அவனுக்கும் திரவியம் அண்ணாச்சிதான் ஆசான்.

“உனக்கு நாப்பத்தொண்ணாம் பாடத்துல, அந்தப் பைப்பு பாடத்துல, என்ன காட்டினாரு?” என்று கேட்டாள்.

“பைப்போட ரெண்டு வாயையும் அடைச்சு, சின்ன டியூப் வழியா உள்ள ஆர்கான் விட்டு, ஆறு நிமிசம் காத்திருக்கச் சொன்னாருக்கா. சும்மா நிக்கையில கப்பல் கதை ஒண்ணு சொன்னாரு. உங்களுக்குச் சொல்லலியா?”

“நான் டியூப மாட்டாம பத்தவச்சத நீ பாத்தியாடே?”

“பாத்தேன்.” அவன் தலையைக் குனிந்துகொண்டான். “அண்ணாச்சி உங்களுக்கு ஏதோ புது முறை சொல்லிக் குடுத்திருப்பாருன்னு நெனச்சேன்க்கா. அடுத்தவங்க பாடம் நமக்கெதுக்குன்னு இருந்துட்டேன்.”

அவனை அறையலாம்போல இருந்தது. ஆனால் அவன் இடத்தில் இருந்திருந்தால் தானும் அதையேதான் நினைத்திருப்பாள் என்பது அவளுக்குத் தெரியும். பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து, பெஞ்சில் உட்கார்ந்து கண்ணேட்டை மாட்டினாள்.

“வா தங்கச்சி. தேர்வு எப்படி?”

“பைப்புக்குள்ள கேஸ் விடுதத எனக்கு ஏன் காட்டல அண்ணாச்சி?”

அவர் டார்ச்சைத் தாழ்த்தினார். “அஞ்சாம் பாடத்துல, டங்ஸ்டன் ஆறுத வரைக்கும் பொறுன்னு சொன்னேன், உனக்குக் கண்ணு சொக்குச்சு. பன்னெண்டுல கொட்டாவி விட்ட. காத்திருக்கது உனக்குப் பிடிக்கலன்னு அதையெல்லாம் எடுத்துட்டேன். அந்த ஆறு நிமிசத்தோட டியூப்பும் போயிருச்சு.”

“ராத்திரி பூரா ஐஸ் பெட்டி தூக்கிட்டு வந்து உக்காந்தேன். தூக்கத்துல சொக்கினேன். பிடிக்காம இல்ல.”

சொல்லும்போதே கண்ணீர் வழிந்தது. கை நடுங்கியதைக் கண்டவருக்கு, சாப்பிட்டாயா என்று கேட்டவருக்கு, இது தெரியாமல் போய்விட்டதே.

அண்ணாச்சி டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். “என் தப்புதான் தங்கச்சி. உன் உழைப்ப நான் மதிக்கல. உன் வாழ்க்கையையே கெடுத்துட்டேன். கூடப்பிறந்தவன்னு நம்பி வந்த...” அவர் கண்கள் கலங்கின. கேட்கக் கேட்க அவளுக்கு நெஞ்சு இளகியது. எந்த இடத்தில் ஆறுதல் வேண்டுமோ அந்த இடத்தில் அவர் சரியாக நிறுத்தினார். எந்த வார்த்தைக்கு ஏங்கினாளோ அதையே சொன்னார். மன்னித்துவிடலாம் என்றுகூட நினைத்தாள்.

அப்போதுதான் அவளுக்குள் ஒரு சந்தேகம் தட்டியது. கண்ணீரைத் துடைக்காமலே, வாயை அகலத் திறந்து, வேண்டுமென்றே நீளமாக ஒரு கொட்டாவி விட்டாள்.

அண்ணாச்சி பாதி வார்த்தையில் நிறுத்தினார். அவர் கண்ணில் ஈரத்தைக் காணவில்லை. டார்ச் மறுபடி கையில் இருந்தது.

“சரி, நாப்பத்திரெண்டாம் பாடத்துக்குப் போவோம் தங்கச்சி” என்று சிரித்தார். “அதுல காத்திருக்கிற சோலியே கிடையாது.”