மூடி வைத்த தட்டு

லுபே கடைக்குத் தர வேண்டியது முப்பத்தொரு தாலா நாற்பது சேனே. அவள் போட்டிருந்த வெள்ளைச் சட்டையின் விலை அது.

அப்பா சமோவாவை விட்டு ஆஸ்திரேலியாவுக்கு ஸ்ட்ராபெர்ரி பறிக்கப் போயிருந்தார். "சட்டைய வாங்கிக்கோ, பணம் பின்னாலயே வந்துரும்" என்று போனில் சொன்னார். கடைக்கார செஃபினாக்கா மறுபேச்சில்லாமல் சட்டையைக் கொடுத்தாள். இன்று வெள்ளை ஞாயிறும் வந்துவிட்டது. பணம்தான் வரவில்லை.

வெள்ளை ஞாயிறு பிள்ளைகளின் நாள். எல்லாரும் புது வெள்ளைச் சட்டையில் கோயிலுக்கு வருவார்கள். காலை ஆராதனையில் பிள்ளைகள்தான் வசனம் சொல்லுவார்கள். மதியம் பெரியவர்கள் பரிமாற, பிள்ளைகள் முதல் பந்தியில் சாப்பிடுவார்கள்.

விசுவாசத்தைப் பற்றிய வசனம் லுபேவுக்கு. இன்னும் கண்ணில் படாததை நம்பி நடப்பதுதான் விசுவாசம் என்று போதகர் சொல்லிக்கொடுத்திருந்தார். தட்டுத் தடங்கலில்லாமல் சொல்லி முடித்தாள். மற்ற பிள்ளைகளுக்கு அவரவர் வீட்டார் கூவிக் கைதட்டினார்கள். லுபேவுக்குக் கூவ யாரும் இல்லை. அவளைப் பார்த்துக்கொள்ளும் மெலே அத்தைக்கு ஓட்டலில் வேலை.

வெளியே வந்ததும் கூடப் படிக்கும் இயோனே அவளைப் பிடித்துக்கொண்டான்.

"ஏய், கடன் சட்டை! மெதுவா நட. கடைக்காரம்மா சட்டையில சேறு பட்டுடப் போகுது!"

"எங்கப்பா பணம் அனுப்புவாரு."

"எப்போ? ஆஸ்திரேலியாவுல பழமெல்லாம் தீர்ந்தப்புறமா?"

பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். அதற்குள் அவனை அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். ஒவ்வொருவராக வீட்டுக்கு ஓட, சாலை காலியாகிவிட்டது.

லுபே வீட்டிலும் அத்தை வேகவைத்துப் போன சேப்பங்கிழங்கு இருந்தது. ஆனால் தானே போட்டுத் தின்பதற்கு வெள்ளை ஞாயிறு எதற்கு? சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அவள் கடைப்பக்கம் நடந்தாள்.

கடைக்குப் பின்னால், வீட்டுக்குள், செஃபினாக்கா பாயில் தனியாக உட்கார்ந்திருந்தாள். எதிரே வாழையிலையால் மூடிய இரண்டு தட்டுகள்.

"அக்கா, பணம் இன்னும் வரல. சட்டையத் துவைச்சுத் தந்துடட்டுமா?"

"தந்தா? நான் போட்டுக்கவா? என் ஒரு கைகூட நுழையாது."

"யாராவது வர்றாங்களா அக்கா?"

"என் பசங்களுக்கு வெச்சேன். அவங்கப்பாகூட நியூசிலாந்து ஆக்லாந்துல தங்கிப் படிக்கிறானுங்க. டிக்கெட் கிடைச்சா வர்றோம்னாங்க. கிடைக்கல. நேத்தே தெரியும். ஆனாலும் காலைல கை அது பாட்டுக்கு ரெண்டு தட்டு எடுத்து வெச்சிருச்சு." அவள் எழுந்தாள். "பைத்தியக்காரி நான். நாய்க்குப் போட்டுடறேன்."

லுபே தட்டின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"ஒருநாள் வருவாங்கதான?"

செஃபினாக்கா மறுபடி பாயில் உட்கார்ந்தாள். "வருவாங்க," என்றாள்.

"அப்ப நாய்க்கு எதுக்கு? ஒரு தட்ட எனக்குக் குடுங்க. இன்னொண்ணு மூடியே இருக்கட்டும். எங்கப்பா பணமும்தான் வரல. வரும்னுதான நான் சட்டை போட்டுக்கிட்டேன்?"

செஃபினாக்கா முகத்தைத் திருப்பி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு இலையை எடுத்தாள். சுட்ட கோழி. தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலை. லுபே சாப்பிடச் சாப்பிட, அருகில் உட்கார்ந்து விசிறினாள்.

"கோயிலுக்கு வரவே மனசில்லாமப் போச்சு. உன் வசனத்த இங்க சொல்லேன்."

லுபே எழுந்து நின்று சொன்னாள். செஃபினாக்கா போட்ட கூச்சலில் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது.

"அக்கா, அந்த முப்பத்தொரு தாலா…"

"எந்த முப்பத்தொரு தாலா? பசங்க போனதுலேருந்து ரெண்டு வருஷமா இந்த நாளுக்கு ஒரு பிள்ளைக்கும் நான் சட்டை எடுக்கல. இந்த வருஷம் எடுத்துட்டேன். உங்கப்பா பணம் வந்தா செருப்பு வாங்கிக்கோ. இன்னொரு துண்டு கோழி வைக்கட்டா?"

"வைங்க," என்றாள் லுபே.